நடக்க, காத்திருக்க, தூங்கவைக்க

நேரில் அவரை மேடம் என்போம். அவர் மாடியிறங்கிப் போன பிறகு மாமி என்போம். மாமி என்று கூப்பிடக் கூடாது என்பது அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே போட்ட சட்டம். "ஆத்துக்கு வந்தா மாமி. இங்க நான் வேலைக்கு வந்திருக்கேன், கேட்டியா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அது இரண்டாவது பத்தியில் வந்திருக்க வேண்டும், முதல் பத்தியில் ஏன் வந்தது என்று கேட்டு நாசிக்கிலிருந்து ஃபோன் செய்வார். தம்பி குடும்பத்தோடு இப்போது அங்கேதான் இருக்கிறார்.

மும்பை செம்பூரில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே எங்கள் ஸ்டூடியோ. விளம்பரப் பாட்டு, சிறுவர் பாட்டு, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி என்று எது வந்தாலும் செய்வோம். மெட்டுப் போடுவது நான். ஒலிப்பதிவும் மிக்ஸிங்கும் ஞானராஜ் அண்ணாச்சி. தாராவியில் நானும் அவரும் ஒரே சந்து, அதனால் அவருக்கு நான் தங்கச்சி. அவருக்குச் சம்பளம் கொடுப்பவள் நான் என்பது எங்கள் இருவருக்குமே பெரும்பாலும் மறந்து போயிருக்கும்.

எங்கள் பிழைப்பு லூப்பில் ஓடுவது. லூப் என்றால் சில வினாடித் துணுக்கு. ஒரு தவில் தட்டல், ஒரு கிடார் மீட்டல், ஒரு சலங்கைக் குலுக்கல். முடிந்த இடத்திலேயே திரும்பத் தொடங்கும்படி வெட்டி வைத்திருப்போம். கணினித் திரையில் இவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் பாதிப் பாட்டு ரெடி. நாங்களே வாசித்துப் பதிந்தவை, விலைக்கு வாங்கியவை, இலவசமாகக் கிடைத்தவை என்று ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்தன. சேர்ந்ததே தவிர, வேண்டிய நேரத்தில் ஒன்றும் கைக்கு வராது. 'புதுசு' என்று ஒரு ஃபோல்டர், 'புதுசு 2' என்று ஒன்று, 'புதுசு கடைசி' என்று ஒன்று. அதற்கும் பிறகு 'புதுசு கடைசி உண்மை' என்று அண்ணாச்சி ஒன்று திறந்திருந்தார்.

மேடம் முதல் நாள் இதையெல்லாம் திறந்து பார்த்தார். "இது லைப்ரரி இல்லை. ஆபீஸ் விடற நேரத்து தாதர் பாலம்" என்றார். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அந்தேரிக்குப் போய் இளைஞர்கள் கூட்டத்தோடு ஒலிப்பதிவு கோர்ஸ் முடித்தவர். பருத்திப் புடவையும் ஓடுகிற ஷூவுமாக மாட்டுங்காவில் ரயிலேறி, குர்லாவில் மாறி, எங்களுக்கு முன்னால் வந்து கதவுக்கு வெளியே நிற்பார்.

உலகம் முழுக்க லூப்பை அடுக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. வேகம் என்ன, சுருதி என்ன, எந்த வாத்தியம், அவ்வளவுதான். மேடமும் பெயருக்குப் பின்னால் இவற்றை எழுதாமல் விட மாட்டார். ஆனால் ஃபோல்டர் அவர் இஷ்டம். கேட்கிறவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார் என்பதுதான் அவர் கணக்கு. 'நடக்க', 'காத்திருக்க', 'சாப்பிட', 'தூங்கவைக்க', 'சண்டைக்கு முன்', 'சண்டைக்குப் பின்' என்று தமிழிலேயே தட்டி வைத்தார். நான் சிரித்தேன். "பீட் எத்தனைன்னு மெஷினுக்கே தெரியும். கேக்கறவா என்ன பண்ணிண்டிருப்பான்னு அதுக்குத் தெரியுமோ?" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது.

'நடக்க' என்று போடுவதற்கு முன் அந்த லூப்பை ஹெட்ஃபோனில் ஓடவிட்டு நிஜமாகவே நடந்து பார்ப்பார். கீழே கடையில் ஜிலேபி பொரிக்கும் வாசனை ஏறி நிற்கும் வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. கால் தானாக விழுந்தால் சரி. விழவில்லையென்றால் உள்ளே வந்து வேறு இடம் தேடுவார். மேலும் கீழும் போகும் மற்ற ஆபீஸ்காரர்கள் முதலில் ஒதுங்கி நின்றார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். 'காத்திருக்க' என்பதற்கு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, கட்டை விரலால் மேஜையில் தட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கட்டை விரலை வைத்தே எந்த வேக லூப் ஓடுகிறது என்று நாங்கள் சொல்லிவிடுவோம்.

அவரிடம் எனக்குப் பிடித்தது அந்த நிச்சயம். பிடிக்காததும் அதுதான். ஒரு விளம்பர டைரக்டர் வந்தார். மோட்டார் சைக்கிள் வண்டிக்கு எடுத்த படம். புதுசாகவும் இருக்க வேண்டும், ஏற்கெனவே கேட்டது போலவும் இருக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி இந்தியில் விளக்கினார். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மேடம் படத்தை ஒரு தடவை பார்த்தார். வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண் யார், மனைவியா, இன்னும் ஆகவில்லையா என்று மட்டும் கேட்டார். இன்னும் ஆகவில்லை என்றார் டைரக்டர். மேடம் 'காத்திருக்க' ஃபோல்டரிலிருந்து ஒரு உடுக்கை லூப்பை எடுத்துப் போட்டார். வண்டிப் படத்துக்குக் காத்திருக்கிற தாளமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பாட்டு கொஞ்ச நாள் எல்லா ஃபோனிலும் ஓடியது.

கேட்டது எங்களிடம் இல்லையென்றால் அதையும் உடனே சொல்லிவிடுவார். "அது நம்மகிட்ட இல்லை. தேடாதே. வாசிச்சுக்கோ" என்பார். இந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு எத்தனையோ மதியங்களை மிச்சம் பிடித்துக் கொடுத்தது. இப்போது லூப்பைத் தானே கேட்டுத் தானே பிரித்து வைக்கும் மென்பொருள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் இருக்கிறது என்று அறுபது எழுபது எடுத்து நீட்டுகிறது. இல்லை என்று சொல்ல அதற்குத் தெரியாது.

நான் உயிரைக் கொடுத்து வாசித்துப் பதிந்த ஒரு கீபோர்டு லூப் உண்டு. பெரிய சோகப் பாட்டுக்கு என்று மனதில் வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய் 'சாப்பிட' என்பதில் போட்டுவிட்டார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் டப்பாவில் அடை கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, சாப்பிடும்போது கேட்டுப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டுப் பார்த்தேன். கடைசியில் அது ஒரு ஊறுகாய்க் கம்பெனிக்குத்தான் போனது. அதற்குப் பிறகும் அந்த விஷயத்தில் நான் அவரை மன்னிக்கவில்லை.

ரயிலிலும் இதே குணம்தான். பெண்கள் பெட்டியில் யார் எங்கே இறங்குவார்கள் என்று விசாரித்து இடம் பிடித்துக்கொள்வது இந்த ஊரில் எல்லோரும் செய்வது. மேடம் தனக்கு மட்டும் பிடிக்க மாட்டார். நிற்கிறவர்கள் எல்லோருக்கும் பிடித்துக் கொடுப்பார். நீ குர்லா, இவர் எழுந்ததும் உட்கார். நீ இன்னும் தூரம் போகிறவள், ஜன்னல் பக்கம் போ. மராத்தியிலும் இந்தியிலும் உத்தரவு பறக்கும். ஒரு தடவை ஒரு பெண் இவரை ரயில்வே ஊழியர் என்று நினைத்துப் பாஸ் புதுப்பிப்பது பற்றிச் சந்தேகம் கேட்டாள். மேடம் அதையும் தீர்த்து வைத்தார்.

ஒரு வருடம் எங்கள் அழைப்பு மணியோடு அவருக்குச் சண்டை. குருவி கத்துகிற மாதிரி மணி. அது வேலை செய்யவில்லை என்றார். நாங்கள் பேட்டரி மாற்றினோம். அப்படியும் வேலை செய்யவில்லை என்றார். எங்களுக்குக் கத்தியது. ஆபீஸுக்கு ஒரு மணி ஒழுங்காக வாங்க முடியாதா என்று என்னைத் திட்டிவிட்டு, கதவைக் கையால் தட்டும்படி ஒரு தாள் எழுதி வெளியே ஒட்டினார். அவர் ஒட்டினால் எடுக்க யாருக்குத் தைரியம்? ஸ்விக்கிப் பையனிலிருந்து கிளையண்ட் வரை எல்லோரும் கதவைத் தட்டினார்கள்.

அந்த வருட மழைக்காலத்தில் ஒரு தாலாட்டுக்கு ஆர்டர் வந்தது. இங்கே பிறந்து வளர்கிற தமிழ்க் குழந்தைகளுக்கான பாட்டு. 'தூங்கவைக்க' என்பதைத் திறந்து முதலில் இருந்த ஒரு மிருதங்க லூப்பைத் தட்டினேன். மிருதங்கம் மெத்தென்றுதான் இருந்தது. அதன் தலைக்கு மேல் ஒரு ஜால்ரா கணீர் கணீரென்று அடித்துக்கொண்டிருந்தது. தூங்குகிற குழந்தை அலறிக்கொண்டு எழுந்துவிடும். மேடமுக்குக்கூடக் கை தவறுகிறது என்று எனக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். ஊறுகாய் ஞாபகம் வந்தது. சொல்லிக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வேறு வேலையில் மறந்துவிட்டேன். மறுநாள் அதே ஃபோல்டரைத் திறந்தபோது அந்த லூப் அங்கே இல்லை. அவரே பார்த்து மாற்றியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். மேடம் கதவைச் சாத்திப் பேசி நான் பார்த்ததில்லை.

"லைப்ரரில யாரோ கை வெக்கறா. நான் வெச்ச எடத்துல எதுவும் இருக்கறதில்லை" என்றார். யார் என்று கேட்டேன். முந்தின நாள் மாலை மேடம் குடையை மறந்துவிட்டு, பாதி வழியிலிருந்து திரும்பி வந்திருக்கிறார். அண்ணாச்சி தன் கணினியில் உட்கார்ந்து, மேடம் அன்று அடுக்கிய லூப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வேறு ஃபோல்டர்களில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இவர் வாசலில் நின்று பார்த்தது அவருக்குத் தெரியாது. குடையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போயிருக்கிறார்.

கோபத்தில் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஞானராஜுக்குத் தன் மேல் என்ன மனஸ்தாபம் என்று தெரியவில்லை, இருந்தால் நேரே சொல்லியிருக்கலாம், செய்த வேலையை முதுகுக்குப் பின்னால் கலைப்பவரோடு உட்கார்ந்து வேலை செய்ய முடியாது என்றார். பிறகு, "அவர் இருக்கணுமா, நான் இருக்கணுமா? சாயந்தரத்துக்குள்ள நீ சொல்லு" என்று எழுந்து போனார்.

இரண்டு பேரில் யார் போனாலும் ஸ்டூடியோ நொண்டி. அண்ணாச்சியை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடி கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டு, ஆமாம், தான்தான் மாற்றினேன், மழைக்கு முன்னாலிருந்தே செய்கிறேன் என்றார்.

"எதுக்குண்ணாச்சி? அவங்க வேலைய நீங்க ஏன் தொடணும்?"

"அவியளுக்குக் கேக்கல தங்கச்சி" என்றார். "ஜால்ரா கேக்கல, சலங்க கேக்கல. கீழ உள்ள தோல் சத்தம் மட்டுந்தான் கேக்கு. அத வச்சு எடம் போடுதாவ."

குருவி மணி, தாள், தாலாட்டு எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் என் ஞாபகத்தில் வந்து விழுந்தன. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் மேடமிடம் சொல்லியாக வேண்டும், அது வேண்டாம் என்றுதான் என்றார். காது போகிறது என்று தெரிந்தால் அந்த அம்மா அன்றைக்கே வேலையை விட்டுவிடுவார், தான் மாலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து சரிசெய்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்றார். மேடம் அவரைப் பார்த்துவிட்டதையும், என்னிடம் என்ன கேட்டிருக்கிறார் என்பதையும் சொன்னேன். கிளாசைக் கீழே வைத்தார்.

"அப்ப என்னய நிறுத்திரு. எதுக்குன்னு சொல்லாண்டாம். எனக்கு வேற ஸ்டூடியோ கெடைக்கும். அவியளுக்கு வேற காது கெடைக்காதுல்லா" என்றார்.

பெண்டாட்டியும் படிக்கிற இரண்டு பிள்ளைகளும் உள்ள மனுஷன் பேசுகிற பேச்சா இது என்று அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. டீக்கடை என்றும் பார்க்காமல் திட்டினேன். அவர் செய்ததில் அன்பு இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பால்தான் மேடம் இத்தனை நாளும் தெரியாமலே தப்புச் செய்துகொண்டிருந்தார். தான் வைத்தது வைத்த இடத்தில் இல்லை என்று தன் ஞாபகத்தையும் சக மனிதரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தார். எதுவும் தன்னிடம் மறைக்கப்படுவதை அவர் தாங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை. காது போவதையாவது தாங்கிவிடுவார்.

மதியச் சாப்பாடு ஆனதும் மேடமை மிக்ஸிங் அறைக்குக் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. அந்த மிருதங்க லூப்பைத் திரையில் எடுத்தேன். கீழ்ச் சத்தத்தையெல்லாம் வடிகட்டி, ஜால்ராவின் கூர்மையை மட்டும் விட்டேன். ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். அந்தச் சின்ன அறையில் எனக்குப் பல் கூசியது.

மேடம் கண்ணை மூடி, கட்டை விரலை மேஜையில் வைத்துக் காத்திருந்தார். விரல் அசையவில்லை.

"ப்ளே பண்ணு" என்றார்.

"பண்ணிட்டேன் மேடம்."

கண்ணைத் திறந்தார். திரையில் ஒவ்வொரு தட்டலுக்கும் பச்சைக் கோடு எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தார். நிறுத்தப் போன என் கையை வேண்டாம் என்று தடுத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நானும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

"ஞானராஜைக் கூப்பிடு" என்றார்.

அண்ணாச்சி வந்து கதவோரம் நின்றார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். மேடம் அவரை மேலும் கீழும் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் நினைத்தேன். அவரை அத்தனை நாள் பார்த்தும் அப்படி நினைத்திருக்கிறேன்.

"சலங்கை லூப் ஒண்ணு, 'சண்டைக்கு முன்'ல இருந்ததை எதுக்கு எடுத்தேள்?" என்று கேட்டார். "அது நான் போன வருஷம் வெச்சது. அப்போ எனக்கு நன்னாக் கேட்டது. அது சரியான எடம்தான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அது ஆட்டத்துக்கானது என்று தான் நினைத்ததாக இழுத்தார். ஆட்டம் இல்லை, நன்றாகக் கேட்டுப் பாருங்கள், கால் ஊன்றி நிற்கிற சலங்கை அது என்றார் மேடம். அண்ணாச்சி அங்கேயே போட்டுக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். தலையை ஆட்டிக்கொண்டு அதைப் பழைய இடத்திலேயே போட்டார்.

"மத்ததெல்லாம் சரியாத்தான் வெச்சிருப்பேள். இருந்தாலும் என்னைக் கேக்காம வெக்கப்படாது" என்றார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணாச்சியை உட்காரச் சொன்னார். ஹெட்ஃபோனை அவர் பக்கம் நகர்த்தினார். வரிசையில் அடுத்ததாக இருந்தது புதிதாகப் பதிந்த ஒரு கஞ்சிரா லூப்; விளிம்பில் தகடு குலுங்கும் வாத்தியம் அது. தன் வலது கையை மேஜையில் விரித்து வைத்தார்.

"நீங்கோ கேளுங்கோ. அந்தத் தகடு எங்கெல்லாம் குலுங்கறதோ, அங்க என் கையில தட்டுங்கோ. எந்த எடம்னு நான் சொல்லறேன்."

அண்ணாச்சி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். கையைப் பாதி தூரம் கொண்டுபோய் நிறுத்தினார். எத்தனையோ வருடம் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தும் அந்தக் கையில் ஒரு டீ கிளாசைக்கூட அவர் கொடுத்ததில்லை, மேஜையில்தான் வைப்பார். லூப் ஹெட்ஃபோனிலும் ஸ்பீக்கரிலும் ஓடத் தொடங்கியது. ஆள்காட்டி விரல் நுனியால், பட்டும் படாமலும், மேடமின் உள்ளங்கையில் தொட்டார். மேடம் கண்ணை மூடியிருந்தார். நெற்றி சுருங்கியது.

"இன்னும் பலமா தட்டுங்கோ" என்றார். "நான் ஒண்ணும் ஒடஞ்சு போயிட மாட்டேன்."

அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பலமாகத் தட்டினார்.